ஒரு சனிக்கிழமைக்கு வந்து போ

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டு நர்ஸ் பெண் எழுதுகிறாள். எழுத்துதான் எனக்கு வராதே. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்கு மேல் சௌக்கியம் விசாரிக்காதே. போனில் பேசலாமே என்பாய். உன் மகள் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் படி.

பள்ளிக்கூடம் தேடி அலைந்த கதையை முதலில் கேள். முதலில் போனது பெரிய பள்ளிக்கூடம். வாசலில் மீன் தொட்டி எல்லாம் உண்டு. தலைமையாசிரியை அறையில் எங்களை உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. பாதி திறந்த கதவு உன் மகளுக்கு ஆகாது, அது உனக்குத் தெரியுமோ என்னவோ. ஓடிப்போய்ச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள். உள்ளே நாங்கள், வெளியே தலைமையாசிரியை. "யாருங்க அது? என் ரூமுக்குள்ள என்னையே விடமாட்டேங்கறீங்க?" என்று அந்த அம்மாள் தட்டத் தட்ட, இவள் தாழ்ப்பாளை விடாமல் என் கையைக் கடித்தாள். அன்று முதல் இவளுக்கு நான் வைத்த பெயர் கதவுக்காரி. "நல்ல குழந்தைதான், ஆனா எங்களுக்கு சரிப்படாது. ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போனோம். அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? "இவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணை இங்க சேர்த்தா வீணாப் போயிடுவா. சாதாரண ஸ்கூல்லயே கேளுங்க." பாதி ஆயுசை லிஃப்ட் ஓட்டியே கழித்தவன் நான். மேலே போ என்றவனையும் பார்த்திருக்கிறேன், கீழே போ என்றவனையும் பார்த்திருக்கிறேன். எந்த மாடியிலும் கதவே திறக்காத லிஃப்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றாவது இடத்தில் கெடுத்தது நான்தான். அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று காவலாளியிடம் முன்கூட்டியே விசாரித்து வந்தேன். முதலில் பெயர், அடுத்தது வயசு, அப்புறம் பிடித்த நிறம். எனக்குப் படிக்கத் தெரியாததால் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தையே வரிசையாகத்தான் மனசில் வைத்திருந்தேன்: கீழே பாங்கு, அதற்கு மேலே வக்கீல், அதற்கும் மேலே பல் டாக்டர். அதே மாதிரி இவளுக்கும் பதில்களை வரிசையாக ஏற்றினேன். கதவுக்காரி தானாகப் பேசமாட்டாளே தவிர, சொல்லிக் கொடுத்தால் கற்பூரம், அப்படியே பிடித்துக்கொண்டாள். போன அன்று அந்த டீச்சர் எடுத்த எடுப்பில் ஒரு பந்தைக் காட்டி, என்ன நிறம் என்றாள். இவள் தன் பெயரைச் சொன்னாள். பெயர் என்ன என்றாள். "ஆறு" என்றாள். வயசு எத்தனை என்றாள். "பச்சை!" என்று கத்தினாள். அவள் மாடி தப்பாமல்தான் சொன்னாள். கேட்டவள்தான் மாடியை மாற்றிவிட்டாள். அதை யாரிடம் போய்ச் சொல்ல? வெளியே வந்ததும் உன் பெண்டாட்டி, "மாமா, உங்க கால்ல விழறேன், இனிமே அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க" என்றாள். பஸ்ஸில் ஏறியதும் "பச்சையாம், பச்சை" என்று சிரிக்க ஆரம்பித்தவள், இறங்குவதற்குள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

இதற்கு நடுவில் உன் அத்தை வந்தாள். "ரெண்டு போட்டா தானா பேசும்ணே" என்று யோசனை சொன்னாள். "உனக்கு ரெண்டு போட்டு வாயை மூட வெச்சிருக்கலாம், நம்ம அப்பாவுக்கு அது தோணலையே" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும்.

நீ ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய்: "நானும் லேட்டாத்தான்ப்பா பேசினேன்." லேட்டாகத்தான் பேசினாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு வருவதற்கு முன்னாலேயே கை நீட்டுவாய். பிஸ்கட் டப்பாவைக் காட்டுவாய், என் முகத்தைப் பார்ப்பாய், நான் தராவிட்டால் உன் அம்மா முகத்தைப் பார்ப்பாய். இவள் காட்டுவதில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டப்பா மூடி மேல் வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுவும் இதுவும் ஒன்றில்லை. உன்னை வளர்த்தவன் சொல்கிறேன், எனக்கு மறதி கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எல்லா விதப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். அந்தப் படியேற நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன், அதைப் பெரிதுபடுத்தாதே. அங்கே இருந்த டீச்சரம்மா இவளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டுச் சும்மா இருந்தாள். இவள் போய்ச் சாத்தினாள். மறுபடியும் திறந்தாள், இவள் சாத்தினாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் டீச்சரம்மா திறக்காமல் காத்திருந்தாள். கதவுக்காரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாளடா! உன் பெண்டாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நாலு பொம்மையும் ஒரு குட்டி மேஜையும் கொடுத்தார்கள். மூன்றை மேஜையைச் சுற்றி உட்கார வைத்தாள். நாலாவதைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அது யார் என்று டீச்சரம்மா கேட்கவில்லை. உன் பெண்டாட்டியிடம், "அப்பா வெளியூர்லயா?" என்று மட்டும் கேட்டாள்.

சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்து ஒரு நாள் காலை முழுக்கக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். "இங்க ஒரு மாதிரி, வீட்டுல ஒருத்தர் ஒரு மாதிரின்னு இழுத்தா குழந்தை நடுவுல மாட்டிக்கும்" என்கிறாள். நான் வருகிறேன் என்றேன். தாத்தா கணக்கில் வராதாம். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள்.

இதை உன் பெண்டாட்டி உன்னிடம் சொன்னதற்கு நீ சொன்ன பதில் எனக்கும் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசியதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அந்த மாதிரிப் பிள்ளைங்களோட என் பொண்ணா? ஆபீஸ்ல யாருக்காவது தெரிஞ்சா?" என்றாய். நர்ஸ் பெண், "தாத்தா, இதை எழுத வேணாமே" என்கிறாள். எழுது என்றேன். அன்றைக்குப் போனை வைத்த பிறகும் உன் பெண்டாட்டி, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நிறைய வைத்திருந்தேன், பாதிக்கு மேல் நர்ஸ் பெண்ணின் காதுக்காக விழுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு வா. கோபமாக இருந்தால் கோபத்தோடு வா. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் வந்து உட்கார். வந்த உடனே அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதே. பக்கத்தில் நின்றாலே பெரிது. நீ அசையாமல் இரு, அவளாக வருவாள். எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று.

நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே மட்டும் நன்றாக இருந்தால் போதாது, இங்கேயும் வந்து நன்றாக இரு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா