வீட்டுக்கு நான்கு கோழி

கிரே கோவ்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள ஆல்டனுக்கு அம்மா எழுதுவது,

என் முழங்காலையும் உன் அப்பாவின் காதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் அந்த மேற்கத்திக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கதையைத் தொடங்கினாலே உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார், போன வாரம் நீகூடப் பயந்துபோய் அங்க யாருக்கும்மா மூச்சுத் திணறுது என்று கேட்டாயே, அது இதுதான். அதனால் அவரை விறகு அடுக்க அனுப்பிவிட்டு எழுதுகிறேன். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டிருந்தாய். விசேஷம் எல்லாம் நகராட்சி செய்த வேலை.

முதல் விசேஷம் குப்பை. இனிமேல் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பையில்தான் குப்பையைப் போட்டு வாசலில் வைக்க வேண்டுமாம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டுக்கு ஒரே ஒரு கறுப்புப் பை அனுமதி. குப்பை வண்டி வருகிற காலையில் தெருவில் ஒரு நடை போய்வந்தால் போதும், பேப்பர் வாங்கவே தேவையில்லை. முனை வீட்டு மர்லீன் வருஷக்கணக்காகத் தன் சொந்தக் கைப்பக்குவம் என்று சொல்லி ஊருக்கே கொடுத்துக்கொண்டிருந்த எலுமிச்சைக் கேக் துண்டு இருக்கிறதே, அது எந்தக் கடைப் பெட்டியிலிருந்து வருகிறது என்று இப்போது தெருவுக்கே தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தவர்களிடம் ஆமாம் நானும் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவளும் சும்மா விடவில்லை. நம் வீட்டுப் பை வழியாக உன் அப்பாவின் சாக்லேட் காகிதங்களையும் என் கேக் உறைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டயட்டு நல்லாப் போகுது போலிருக்கே கிளெண்டா என்று கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து கறுப்புப் பை எனக்கு, கண்ணாடிப் பை அப்பாவுக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

இரண்டாவது விசேஷம்தான் கோழி. நம் பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் லியோனல் கொமோ கோழி வளர்ப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் அவர் வீட்டு முட்டை தின்றுதான் நீ இவ்வளவு உயரம் வளர்ந்தாய். யாரும் அவரிடம் லைசென்ஸ் கேட்டதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை, மேயர் பெர்னிஸ்கூட சனிக்கிழமை சனிக்கிழமை வந்து ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போவாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வசந்தத்தில் டொராண்டோவிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து பழைய தபால்காரர் வீட்டை வாங்கினார்கள். தங்கமான பிள்ளைகள், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள், அதுதான் வினை. நாங்களும் கோழி வளர்க்க ஆசைப்படுகிறோம், எத்தனை வளர்க்கலாம், தயவுசெய்து சொல்லுங்கள் என்று நகராட்சிக்கு மரியாதையாக எழுதிக் கேட்டுவிட்டார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. குமாஸ்தா பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், ஊர் எல்லைக்குள் ஒரு கோழிகூட வளர்க்கக் கூடாது என்று எங்கள் அம்மா காலத்து விதி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. உடனே நகர மன்றம் எல்லாருக்கும் நல்லது செய்யப் புறப்பட்டது. புது விதி ஒன்றை எழுதித் தயார் செய்தார்கள். வீட்டுக்கு நான்கு கோழி, சேவல் கிடையாது, ஆய்வாளர் வந்து பார்த்து ஒவ்வொரு வீட்டுக் கோழிக்கும் காலில் வளையம் மாட்டுவார், மிச்சம் இருப்பதை ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். லியோனலிடம் இருப்பது ஏழு.

அவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். மனைவி ஈவெட் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் குரல் கேட்கிறது என்றால் அது கோழிகளோடு பேசுகிற குரல்தான். ஏழுக்கும் பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்த கன்னியாஸ்திரீகளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார், அப்பத்தான் நான் சொல்றத அவங்க கேட்க முடியும் என்பார். முட்டையும் பெரிதாக இல்லை, பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கரையோரம் இருக்கும் அவர் அக்கா போனில், கவலைப்படாத தம்பி, மூணையும் இங்க அனுப்பு, உருளைக்கிழங்கத் துருவி, அதுங்க கறியோட சேர்த்து ராப்பி பை சுட்டு உனக்கும் ஒரு தட்டு அனுப்புறேன் என்று ஆறுதல் சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. யாரை அனுப்புறது கிளெண்டா, நீயே சொல்லு, என்னால ஆகாது என்று வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார். எனக்கும் கோழிக்கும் உள்ள உறவுதான் உனக்குத் தெரியுமே. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, தீனி போடப் போய் அவர் தோட்டத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டு நான் ஓடி வந்ததை நீ ஊரெல்லாம் நடித்துக் காட்டினாய், மறக்கவில்லை.

விதி நிறைவேறுவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் தீயணைப்பு நிலைய மாடியில் நடந்தது. நாங்களும் போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், பலகார மேஜை அங்கேதான் இருக்கிறது என்பதற்காக இல்லை, சரி, அதற்காகத்தான். கடற்கரைப் பார்க்கிங் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், அப்புறம் கோழி வந்தது. டொராண்டோப் பையன் எழுந்து, எங்களால இப்படி ஆகும்னு தெரியாதுங்க, மன்னிச்சிடுங்க என்று அழாக்குறையாகச் சொன்னான். உடனே மேயர் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள், லியோனல் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார், நம் ஊர்க் கூட்டம் எப்படி என்று உனக்குத் தெரியும். பிறகு பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா லியோனல் வீட்டுப் பக்கத்துலயே யாராவது அந்த மூணு கோழியத் தன் பேர்ல எடுத்துக்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல, யாராவது இருக்கீங்களா என்று கேட்டாள். அத்தனை பேரும் அவரவர் பூட்ஸைப் பார்க்கிறார்கள். தட்டில் மர்லீனின் எலுமிச்சைக் கேக் கடைசித் துண்டு ஒன்று கிடந்தது, உன் அப்பாவின் கண் அதன் மேல் இருந்தது, முந்திக்கொள்ளலாம் என்று நான் மெதுவாக எழுந்தேன். ஆமாம் கண்ணா, அந்த நேரம் பார்த்துத்தான் எழுந்தேன். ஆஹா, கிளெண்டா எந்திரிச்சிட்டாங்க, நன்றி கிளெண்டா என்று மேயர் கத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால், ஐயோ இல்லைங்க, நான் கேக்குக்கு எழுந்தேன் என்று சொல்லியிருப்பாள். நம்மை யாராவது காலில் மிதித்தாலே நாம்தானே மன்னிப்புக் கேட்கிறோம். மேயரைச் சபை நடுவே சங்கடப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லைங்க, சந்தோஷம்தான் என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. அப்படியும் வெளியே வந்ததும் மெதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் முன் வரிசையில் லியோனல் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது. அந்தக் கேக்கையும் உன் அப்பா தின்றுவிட்டார்.

இப்படியாக சிஸ்டர் க்ளோதில்ட், சிஸ்டர் அகத், சிஸ்டர் ஓடில் மூவரும் நம் வீட்டுக்குக் குடி வந்தார்கள். உன் ஹாக்கி வலையை வெட்டித்தான் அப்பா கூண்டுக்கு முன்பக்கம் போட்டார், கேட்காமல் செய்தது தப்புதான், அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே. இதில் க்ளோதில்ட்தான் மோசம். ஒரு விரல் கிடையாது, கணக்கு டீச்சர் மாதிரிக் கழுத்தைச் சாய்த்து நம்மைப் பார்க்கும், நான் துணி காயப் போடக்கூட விளக்குமாற்றோடுதான் போனேன். பகலெல்லாம் மூன்றும் நம் தோட்டத்தில் சட்டப்படி மேயும். வெளிச்சம் மங்கியதும் வேலியில் பலகை உடைந்த இடுக்கு வழியாக வரிசையாகப் பழைய வீட்டுக்குப் போய் மற்ற நான்கோடு ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும். லியோனல் பாவம், கக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு, மூன்றாவதுக்கு மறுபடி ஒரு நடை வந்து, நம் கூண்டில் விட்டுவிட்டுப் போவார். முதல் நாள் ஒரு டீ குடியுங்கள் என்றேன். இரண்டாம் நாள் சூப் இருக்கிறது என்றேன். சனிக்கிழமை பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் செய்திருந்தேன், அவருக்குத் தட்டு வைக்காமல் உட்கார எனக்கே என்னவோ போலிருந்தது. இப்போது அவருக்கென்று ஒரு நாற்காலி ஆகிவிட்டது, உன் நாற்காலிதான், நீ வரும்போது தந்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் ஆய்வாளர் வந்தார். காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மூன்றையும் நம் பக்கம் பத்திரமாக வைத்துக் காத்திருந்தோம், வரவில்லை. யார் வீட்டுக் கூரையிலோ ரக்கூன் புகுந்துவிட்டதாம், ஆய்வாளர் அதைப் பிடிக்கப் போய்விட்டார். சரி நாளைக்குத்தான் என்று நான் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் லியோனல் தோட்டத்தில் டார்ச் வெளிச்சம். நம்ம கர்டிஸ்தான் இப்போது ஆய்வாளர், உன்னோடு ஹாக்கி விளையாடுவானே அந்தக் கர்டிஸ். கூண்டுக்குள் டார்ச் அடித்து விரல் விட்டு எண்ணுகிறான். ஏழு இருக்கே பெரியவரே, நாலுதானே சொன்னாங்க என்கிறான். லியோனலுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லவும் வராது, வாய் திறந்தால் அழுகை வந்துவிடும், தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். ராப்பி பை அவர் கண்ணில் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது ஆல்டன். அப்பாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஏப்ரனோடு, கையில் விளக்குமாறு இல்லாமல் வேலியைச் சுற்றி ஓடினேன். தள்ளு கர்டிஸ், எங்க வீட்டுப் பிள்ளைங்க இங்க விளையாட வந்திருக்காங்க என்று சொல்லிவிட்டு அந்தக் கூண்டுக்குள் தலையை விட்டேன். உள்ளே எல்லாம் சிறகும் சூடும். க்ளோதில்ட் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினேன். கொத்துவாள் என்று நினைத்தால், தூக்கக் கலக்கத்தில் என் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதா என் நெஞ்சா என்று தெரியவில்லை. இது க்ளோதில்ட், விரல் இல்ல பாரு, அது ஓடில், கழுத்துல இறகு கிடையாது, அந்த வெள்ளை அகத், இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக மூன்று நடை தூக்கிக்கொண்டு போய் நம் கூண்டில் விட்டேன். ஒவ்வொன்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டே தூக்கியதைக் கர்டிஸ் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். கடைசியில், ஆல்டன் அம்மா, உங்களுக்குக் கோழின்னா உயிர் போயிடுமேன்னு ஆல்டன் சொல்வானே என்றான். போயிடுச்சு, இப்ப திரும்பி வந்துட்டு இருக்கு என்றேன். சிரித்துவிட்டான். வீட்டுக்கு எத்தனை கோழின்னுதான் விதியில எழுதியிருக்கு, ராத்திரி யார் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போகுதுன்னு எழுதல என்று சொல்லிவிட்டு, நம் மூன்றுக்கும் பச்சை வளையம், அவருடைய நான்குக்கும் மஞ்சள் வளையம் மாட்டிவிட்டுப் போனான். உன் அப்பா சமையலறை ஜன்னலில் நின்று இவ்வளவையும் பார்த்தார். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்புதான் நீ போனில் கேட்டது.

இனி உன் விஷயம். காலுறை நான்கு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே. நீ வேலை செய்கிற கேம்ப் சாப்பாட்டில் காய்கறி இருக்கிற தட்டையும் ஒரு தடவை எட்டிப் பார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாடகைக் காரைத் தெருவில் விடாதே, டிசம்பரிலிருந்து பனி அள்ளும் வண்டிக்காக ராத்திரியில் தெருவில் கார் நிறுத்தக் கூடாதாம், அதுவும் புது விதி. இரவு வேலை முடிந்து வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிடு, எந்த முதலாளியும் உன்னைவிட எனக்குப் பெரிதில்லை. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்ல மனிதர்களை உன் பக்கத்து அறையில் குடி வைக்கட்டும், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நிலை உனக்கு வராமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வேலியில் அந்த உடைந்த பலகை இருக்கிறதே, அதை மாற்றிவிட்டால் கோழி அந்தப் பக்கம் போகாது, லியோனலும் தினம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று உன் அப்பா புதுப் பலகை அறுத்து, ஆணியும் எடுத்து வைத்துவிட்டார். மூன்று நாளாகச் சுத்தியலைத் தேடுகிறார். உனக்குப் போன் செய்து கேட்பார், கேட்டால் அதை நீ மேற்கே எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லிவிடு. அது என் கறுப்புப் பைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
கிளெண்டா