வற்றிய ஏரியில் காத்தாடி வண்டி

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை மாலை

அன்பு மகள் ஹெலனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நான் இங்கே சுகம்தான், இடது முட்டியில் மட்டும் தோல் போயிருக்கிறது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன், இப்போதே பதறாதே. நீயும் மாப்பிள்ளை சாம்சனும் பாப்பாவும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வாராவாரம் போனில் பார்க்கிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ இன்னாப்பா விசேஷம் என்கிறாய், நான் ஒண்ணும் இல்லம்மா என்கிறேன், சாப்ட்டியா என்கிறாய், ஆச்சும்மா என்கிறேன், பிறகு நீ என் முகத்தைப் பார்க்கிறாய், நான் உன் முகத்தைப் பார்க்கிறேன், பாப்பா அழுகிறாள், வைத்துவிடுகிறாய். உன்மேல் குறை சொல்லவில்லை. உங்கம்மா இருந்தவரை அவள் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினால் போதும். இப்போது சர்ச்சிலிருந்து வரும் வழியெல்லாம் இன்றைக்கு உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வருகிறேன், ஒன்றும் அகப்படுவதில்லை. இப்படியே போனால் ஒருநாள் நீ கூப்பிடுவதையே விட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் பீகார் பையன்கள் குடிவந்திருக்கிறார்கள், ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுகிறார்கள், அவர்கள் குக்கர் விசில் ஒன்றுதான் வீட்டில் கேட்கிற சத்தம். இரும்பு மில் கரி இன்னமும் கொடியில் காயும் துணியில் விழுகிறது. எதிர்வீட்டு சுகிர்தா உன்னைக் கேட்டாள். சரி, முட்டிக்கு வருகிறேன்.

பொங்கல் சமயத்தில் ஒரு வீடியோ அனுப்பினாயே, கடற்கரை மணலில் மூன்று சக்கர வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, வானத்தில் பறக்கிற பெரிய காத்தாடி ஒன்று கயிற்றால் உன்னை இழுத்துக்கொண்டு போகுமே, அதை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அதைப்பற்றி உன்னிடம் கேட்க ஆசை, ஆனால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. போன மாதம் கருவாடு வாங்க எளாவூர் வழியாக சுண்ணாம்புக்குளம் போனேன். கோடையில் அந்தப் பக்கம் ஆந்திரா எல்லை வரை போகிற உப்பு ஏரி வற்றி சிமெண்ட் தரை மாதிரி கிடக்கும், உனக்குத் தெரியும். அங்கே ஒருத்தர் அதே மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் பார்த்திபன், சொந்த ஊர் ஆரணி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாளில் வருகிறாராம். கிட்டே போய் என் மகளும் இதை ஓட்டுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் சந்தோஷமாக, பொண்ணு எம்மாம் பெரிய காத்தாடி வெச்சிருக்கு, காத்து எப்டி அங்க என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நைனா நீங்களே ஒருவாட்டி குந்திப் பாருங்க, அப்பறம் பொண்ணாண்ட பேசலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் போனேன். காத்தாடி தலைக்கு நேர் மேலே நின்றால் சும்மா நிற்கிறது, ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் இழுக்கிறது, முன்சக்கரத்தைக் காலால் திருப்பவேண்டும், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆபத்து என்றால் கயிற்றின் ரெண்டு கைப்பிடியையும் விட்டுவிடு, காத்தாடி தானாக விழுந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் நான் யார், மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியைக் குறடால் பிடித்தவன், அங்கே பிடியை விட்டால் எதிரில் நிற்கிறவன் செத்தான். காற்று ஒரு தூக்குத் தூக்கியதும் அவர் உட்ருங்க நைனா, உட்ருங்க என்று கத்த, என் கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வண்டி கவிழ்ந்தது, காத்தாடி என்னைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போனது. இன்னா நைனா, உடுன்னா இறுக்கிப் புட்ச்சிக்கிறீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். முட்டி கதை இதுதான். மறுவாரம் நீ இன்னாப்பா விசேஷம் என்றபோது மருந்து தடவிய முட்டியோடுதான் ஒண்ணும் இல்லம்மா என்றேன். சொன்னால் பயந்துபோய் இனி அங்கே போகாதே என்பாய், அப்புறம் எனக்குப் பேச அதுவும் இருக்காது.

நேற்று கவிழாமல் ஓட்டினேன் ஹெலன்மா. சக்கரம் உருளுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை, ஏரி முழுக்க என்னுடையது மாதிரி இருந்தது, நானும் உன்னைப்போலவே சிரித்தேன் என்று நினைக்கிறேன், பார்க்கத்தான் யாருமில்லை. காற்று போகிற பக்கமே போய்க்கொண்டிருந்தேன், காற்றுக்கு எதிராகத் திருப்பத் தெரியவில்லை. பயம் வந்ததும் இந்த முறை கையை விட்டேன், காத்தாடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பார்த்திபன் எங்கோ புள்ளியாக நிற்கிறார். போனை எடுத்தால் ஆந்திராவுக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ். உன்னைக் கூப்பிடத்தான் எடுத்தேன், உங்கள் ஊரில் தூங்குகிற நேரம் என்று ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். எதிர்க்காற்றில் உப்புத் தூசி கண்ணில் விழ, வண்டியை இழுத்துக்கொண்டே நடந்தேன். வழி முழுக்க இதையெல்லாம் உன்னிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன், மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் நிமிர்ந்து பார்த்தன. உங்கம்மா போன பிறகு நான் அவ்வளவு பேசியதே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுபோய்விட்டது. அதனால்தான் மறப்பதற்குள் எழுதுகிறேன்.

நீ ஓட்டும்போது தலைக்கு ஹெல்மெட் போடு, வீடியோவில் வெறுந்தலையாக இருக்கிறாய். பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போடு. மாப்பிள்ளையிடம் நைட் டூட்டி முடிந்த தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டவேண்டாம் என்று சொல். இதைத் தபாலில் போட்டால் எப்போது வருமோ, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படி. கர்த்தர் உங்கள் மூவர் மேலும் கைவைத்துக் காப்பாராக.

ஒன்று மறக்காதே. வரும் ஞாயிறு சாப்ட்டியா என்று கேட்காதே. உன் வீடியோவில் நீ தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறாய், அதோடு முடிந்துவிடுகிறது. காற்றோடு அவ்வளவு தூரம் போன பிறகு எப்படித் திரும்பி வருவது என்று எனக்குச் சொல்லு. பார்த்திபன் சொல்லித் தருகிறேன் என்றார், வேண்டாம் தம்பி, என் மகள் சொல்லுவாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

போன் பக்கத்திலேயே இருக்கும்,
உன் அப்பா
ஜெரால்ட்