வயிறு வெளுத்த எலி

தின்ஷோ, பாலே மலை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெடாசோவுக்கு,

ஷுக்ரே எழுதுகிறேன். நான் நலம். பெர்லின் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே பார்லி அறுவடை முடிந்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

எலி ஆய்வு முகாமில் இப்போது நானும் சமையல் செய்யும் மூமினாவும்தான். புது எலி இனத்துக்கு நீங்கள் என் பெயரைச் சூட்டப் போவதை அவளிடம் சொல்லியிருந்தேன். "எலிக்குப் பொண்டாட்டி பேரு வைக்கத் தெரியுது, பொண்டாட்டிய வந்து பாக்கத் தெரியலையாடி உன் புருஷனுக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் ஷெபெலே ஆற்றைத் தாண்டி அர்சி மலைக்குப் போனேன். வயிறு வெளுத்த எலி நம் பாலேயில் மட்டும்தான், சாம்பல் வயிற்று எலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான், ஆகவே இரண்டும் வேறு வேறு இனம் என்பதுதானே உங்கள் ஆய்வு? அர்சியில் ஒரே வளையில் ஒரு தாயையும் வளர்ந்த குட்டிகளையும் பிடித்தேன். தாய்க்குச் சாம்பல் வயிறு. குட்டிகளில் இரண்டு வெளுப்பு, ஒன்று சாம்பல். பக்கத்து வளைகளிலும் இப்படியே கலந்திருந்தன. இரண்டும் ஒரே இனம், பெடாசோ.

இதைத் தொலைபேசியில் சொன்னேன். நீங்களோ, "நான் பட்டம் வாங்குற வரைக்கும் வாயத் திறக்காதே. அதையெல்லாம் தூக்கிப் போட்டுடு" என்றீர்கள். அதற்கப்புறம் என் அழைப்பை எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம்.

என்னால் தூக்கிப் போட முடியவில்லை. அந்த எலிகளின் தோல்களையும் மண்டையோடுகளையும், பிடித்த இடம் எழுதி, அடிஸ் அபாபா அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டேன். நேற்று உங்கள் பேராசிரியருக்கும் எழுதிவிட்டேன். மனைவி என்று குறிப்பிடவில்லை. உடன் ஆய்வு செய்தவள் என்றே எழுதினேன். என் பெயரில் எலி வேண்டாம்.

அர்சியிலிருந்து திரும்பிய அன்று நல்ல மழை. கண்டதை யாரிடமாவது சொல்லிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. மூமினா ஊருக்குப் போயிருந்தாள். ஈரத் துணியோடு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இது.

பட்டம் தள்ளிப்போகும். தெரியும். கோபமும் வரும். அதைக் கடிதத்தில் கொட்டவேண்டாம். இங்கே வந்து என் முகத்துக்கு நேரே திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
ஷுக்ரே