கப்பலில் சிரித்த முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

யாகப்பு மாமாவை அடக்கம் செய்தபின் மாமி ஒழுங்காகச் சாப்பிடுகிறாவா? உங்கள் முழங்கால் வீக்கம் எப்படி?

இன்று காலை எழுந்ததும் முதலில் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பயணிகள் கப்பலில் பணிப்பெண்களான எங்களுக்கு அதுதான் வேலை.

போன கிழமை கடல் கொஞ்சம் குழம்பியது, பயப்பட ஒன்றுமில்லை. வாந்தியெடுத்த ஒருவர், "எங்கட குடல் வெளியில வருது, உமக்குச் சிரிப்பு!" என்று ஏசினார். பக்கத்தில் இருந்த வயதான பயணி ஒருவர், "அவா சிரிக்கிறபடியாத்தான் நான் பயப்படாமல் இருக்கிறன்" என்றார். முல்லைத்தீவுக் கடலோடு வளர்ந்த நானும் கழிப்பறையில் வாந்தியெடுத்து, முகம் கழுவிச் சிரித்தபடி வந்தேன்.

கரையில் இறங்கியதும் மாமா செத்ததை நீங்கள் போனில் சொன்னீர்கள். அப்போதும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அழுகை இன்னும் வரவில்லை, அம்மா.

தேசிக்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்ல நினைத்தேன். அனுப்பவேண்டாம், போட்டு வையுங்கள். கப்பல் ஊதுகிறது, ஓடவேண்டும். மாமாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு, லீவு தராவிட்டாலும் வருவேன். நான் வரப்போவதை இங்கே இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிறஞ்சனா