திறக்காத கேம்

ஒக்டோபர் 2009, புதன்கிழமை, ஃபாரஸ்ட் கேட்

பாதி முடிந்த என் கணினி கேமை அறுபது பேர் முன்கூட்டியே காசு கட்டி வாங்கிய துணிச்சலில்தான் வேலையை விட்டேன். வெள்ளியன்று அவர்களுக்கு அனுப்பிய புதுப் பதிப்பு திறக்கவே திறக்காது என்பதை இன்றுதான் கண்டேன். இத்தனை நாளாக ஒருவரும் முறையிடவில்லையே! இதுவரை எண்ணிக்கையை மட்டும் பார்த்துவந்தவன், இன்று பெயர்களைப் பார்த்தேன். ஒருவரைத் தவிர எல்லாரும் சொந்தக்காரர். உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் வாங்கச் சொன்னனான். கலியாணத்துக்குக் காசு வைச்சு என்வலப் குடுக்கிறமெல்லே, அப்பிடித்தான்."

"ஒருத்தரும் விளையாடேல்லையோ?"

"அவைக்கு எங்கையடா நேரம்?"

இரவு அந்த அந்நியனின் மின்னஞ்சல் வந்தது. கேம் திறக்கவில்லை, நீ கள்ளன் என்று ஏசியிருந்தான். நாலு தரம் வாசித்துவிட்டேன். திறக்கப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். காலையில் அவன் எழும்புமுன் திருத்திவிட வேண்டும்.