மாம்பலம் வருவதற்குள்

உன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. நேற்று உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா சேர்த்து வெச்ச வார்த்தைங்களை நினைவுக் கூட்டத்துக்குச் சின்ன புக்கா போடறோம் ஆன்ட்டி. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க, நாளைக்கே பிரஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். காலையிலிருந்து சிவப்புப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் நமக்கு மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்துவிடும். தினமும் ஒரு விளையாட்டு: ஆளுக்கொரு விசித்திரமான ஆங்கிலச் சொல், அது பிறந்த கதையோடு. கதை பொய்யாகவும் இருக்கலாம். மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால், நீ இறங்கும் மாம்பலம் வருவதற்குள் சொன்னவளே ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வகுத்த விதி.

சாப்பிடாமல் வந்த ஒருநாள் உன் வயிறு உறுமியது. "இதுக்குப் பேரு 'போர்போரிக்மஸ்'டீ. வயிறு போடற சத்தத்தையே கிரேக்கக்காரன் பேரா வெச்சிட்டான்" என்றாய். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள், "இன்னாம்மா, காலைல பூதத்த கூப்ட்டுகினு கீற?" என்றாள். நான் பொய் என்றேன். அது உண்மை. தொடர்ந்து நான்காவது நாளாகத் தோற்றேன். எம்.ஏ. படிப்பவள் நான், நீ தட்டச்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். அது உறுத்தியது.

மறுநாள் 'காங்கூஸ்லர்' என்றேன். கால்வாயோரம் நின்று படகுகளைச் சும்மா வேடிக்கை பார்ப்பவன். பொருள் சரி. படகில் காங் என்ற வெண்கலத் தட்டை அடிப்பார்கள், சத்தம் கேட்டு ஓடிவந்து நிற்பவனுக்கு அந்தப் பெயர் என்று நானே ஒரு கதை கட்டினேன்.

"பீர்க்கன்கரணை ஏரிக்கரையில எங்கப்பா நிக்கறாரே, அந்த மாதிரியா?" சிரித்தாய். "இது நிஜம்டீ. உனக்குப் பொய் சொல்ல வராது."

சைதாப்பேட்டை போனது. மாம்பலம் வந்தது. ஜெயித்த சுகத்தில் பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை உனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல் இருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் மைசூர்பாகோடு வந்தாய். "உன் காங் கதையைச் சொன்னேன்டீ, எச்.எம். சிரிச்சிட்டாங்க. வேலை கெடச்சிடுச்சு!" இன்னொரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு எத்தனை வகுப்புகளுக்கு அதைச் சொன்னாயோ.

இதோ உன் குண்டு எழுத்தில் அந்தக் கதை. கீழே, "சொன்னது என் தோழி" என்று என் பெயர். அது பொய் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் இதில் விட்டுவைத்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், நினைப்புக்கு ஆதாரமில்லை.

உன் மகளுக்குப் போன் செய்தேன்.

"அது அம்மாவுக்கு வேலை வாங்கிக் குடுத்த கதையாச்சே ஆன்ட்டி!"

"பொய்ம்மா. நான் கட்டினது."

"அப்போ அடிச்சிடுங்க" என்றாள்.

அடித்துவிட்டேன். 'பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். என் பெயரை மட்டும் அடிக்கவில்லை.

இன்றும் ரயில் சைதாப்பேட்டை தாண்டினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து வாசலருகே போய் நின்றுகொள்வேன், மாம்பலத்தில் எனக்கு இறங்கும் வேலை இல்லாவிட்டாலும்.