கரி பிடித்து வைத்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் பாதி சொல்வதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். அதனால்தான் காகிதம்.

முதலில் உன் வடிகட்டியைப் பற்றி. சமையல் மேடையில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. மேல் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நடுவில் உன் ஆய்வுக்கூடத்துக் கரிக்குருணை, கீழே குழாய். நீ ஒட்டிவிட்டுப் போன செய்முறைத் தாளில் இரண்டு எழுத்துப் பிழைகள். கான்வென்ட்டில் படித்தவள் பெற்ற பெண்ணா இப்படி எழுதுவது? சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன்.

மாடியில் குடியிருக்கும் தையற்காரிக்கு நீ சொன்னபடியே விளக்கினேன். மாத்திரைத் தொழிற்சாலையின் கழிவு மண்ணில் இறங்கி, நம் தெருத் தண்ணீரில் தூக்க மருந்து கலந்திருக்கிறது; குடித்தால் தலை சுற்றும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கொதிக்க வைத்தாலும் போகாது. கரி அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி போட்டால், கரிக்குள் சேர்த்திருக்கும் இரும்பு விழித்துக்கொண்டு, பிடித்ததை உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். "கரியே இவ்ளோ வேலை செய்யுதா! எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, துண்டைக்கூட எடுத்துக் காயப்போட மாட்டாரு" என்றாள். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருப்பானாம். "வழிய விடுடான்னு சொல்லிட்டு இறங்கிடுவேம்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். நம் வடிகட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துப்போகத் தொடங்கிய பிறகு படி காலி. இப்போது நன்றாகத் தூங்கி எழுகிறாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் அப்பாவும் வந்துகொண்டிருந்தார். மாலைத் தேநீர் வேளையில் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே சட்டைப் பையில் தேடுவார். பேச மாட்டார். தேநீர் வேண்டுமென்றால் இரண்டு முறை செருமுவாரே, அந்தச் செருமல் மட்டும். நான் பேய் பிசாசு என்று அலறுகிறவள் இல்லை. காலர் மடங்கியிருந்தால் சரி செய்யச் சொல்வேன், அவ்வளவுதான்.

நீ வடிகட்டியைப் பொருத்திய வாரமே நாற்காலி காலியாகிவிட்டது. எல்லாம் மருந்தின் வேலை என்பாய். இருக்கட்டும். வேதியியலில் நானும் பரிசு வாங்கியவள்தான். ஆனால் காலைதோறும் என் கையாலேயே ஒரு சிட்டிகை போட்டு நான் உடைத்துக்கொண்டிருந்தது எதை?

அந்தக் கேள்வி வந்த அன்றே வெள்ளைப் பொடியை நிறுத்திவிட்டேன். டப்பாவை இறுக மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பதறாதே. வடிகட்டிய தண்ணீரைத்தான் குடிக்கிறேன். கரி பிடிக்கிறது, உடைப்பதில்லை. எனக்குத் தலைசுற்றல் இல்லை. நாற்காலியிலும் யாரும் இல்லை.

இப்போது செருமல் வடிகட்டிக்குள்ளிருந்து வருகிறது.

காற்றுக் குமிழியாக இருக்கும் என்று தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குழாயை மூடிவிட்டு நின்றேன். இரண்டு முறை செருமியது. ரவிக்கைக்கு அளவெடுக்க வந்த தையற்காரி தலையை நிமிர்த்தி, "உள்ள யாரும்மா, விருந்தாளியா? டீ கேக்குறாரு போல இருக்கே" என்றாள். அவள் இப்போது சுத்தமான தண்ணீர் குடிக்கிறவள் என்பதை மறந்துவிடாதே. நான் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தேன். ஒன்று தனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினாள். பாவம், மூன்றாவதாக ஒன்று எடுக்க வேண்டியதாயிற்று.

தண்ணீர் இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. கரி நிறைந்துவிட்டால் பிடித்ததைத் திரும்ப விட ஆரம்பிக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அடுத்த வாரம் புதுக் குருணையோடு வருவதாகவும், பழையதை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்து உலையில் எரிக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய்.

அவரை ஒரு முறை மின்மயானத்து உலைக்கு அனுப்பியாயிற்று. அன்று கையெழுத்துப் போட்டவள் நான். இன்னொரு முறை போட மாட்டேன்.

புதுக் குருணையைக் கொண்டு வா, மாற்றிவிட்டுப் போ. பழையதை மட்டும் என்னிடம் விட்டுவிடு. மூடி போட்ட கண்ணாடி ஜாடியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் கேட்காதே. நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை.

வரும்போது கதவைத் தட்டுமுன் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்று கேள். பிறகு உன் முடிவைச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். உனக்கு எங்கள் இருவருடைய ஆசியும்.

என்றும் உன்,
அம்மா